தவிட்டில் புரட்டிய பூனை

எங்கள் வீட்டில் பூனை வளர்த்தது ஆசைக்கு அல்ல. விதைநெல்லைக் காக்க.

வன்னியில், பரந்தனுக்கு அப்பால், இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வரும் வாய்க்கால் ஒன்றின் கரையில் இருந்தோம். நானும் என் மனுசனும். மண்சுவர். பின்னிய தென்னோலைக் கிடுகுக் கூரை. ஒரு அறை, ஒரு விறாந்தை, பின்னால் குசினி. அறையின் ஒரு பக்கம் கட்டில். மற்றப் பக்கம் பலகை அடுக்கி அதன்மேல் ஐந்து சாக்கு விதைநெல். மழையோடு விதைக்கிற காலபோகத்துக்கு அதுதான் இருந்தது. சண்டையால் பாதை பூட்டிய காலம். சாமான் வருவது குறைவு. அயலில் எவரிடமும் தங்கள் வயலுக்கு மிஞ்சி விதை இல்லை. விதை போனால் வயல் சும்மா கிடக்கும். வயல் சும்மா கிடந்தால் அடுப்பும் சும்மா கிடக்கும்.

எலி எங்கும் இருந்தது. பகலில் கிடுகுக்குள் ஓடும். பொழுதுபட இறங்கும். பொறி வைத்தேன். முதல் நாள் ஒன்று விழுந்தது. பிறகு அவை பொறியைச் சுற்றிப் போகப் பழகிவிட்டன. நஞ்சு வைக்க எனக்கு விருப்பமில்லை. கோழிகள் திரிந்தன.

அப்போது நான் அரிசி ஆலையில் வேலை செய்தேன். கூட்டுவது, புடைப்பது, தவிடு அள்ளிக் கட்டுவது. எந்திரத்தில் எண்ணெய் ஒழுகினால் அதைத் துடைப்பதும் நான்தான். துணியால் துடைத்தால் எண்ணெய் பரவும். தவிட்டைக் கைநிறைய அள்ளிப் போட்டுத் தேய்த்தால் தவிடு எண்ணெயைக் குடித்துவிடும். கூட்டி எடுத்தால் இரும்பு காய்ந்து கிடக்கும்.

அந்த ஆலையில் மூட்டைகளுக்கு நடுவே ஒரு பூனை நாலு குட்டி போட்டது. வெள்ளையில் மஞ்சள் திட்டு விழுந்த ஒன்றைக் கேட்டு வாங்கினேன். பெட்டைக்குட்டி. பனையோலைப் பையில் போட்டு சைக்கிள் கைபிடியில் தொங்கவிட்டுக் கொண்டுவந்தேன். வழி முழுக்கக் கத்தியது. வீட்டில் இறக்கிவிட்டதும் நேரே போய் நெற்சாக்கில் ஏறிப் படுத்தது.

மனுசன் அதைச் சுற்றிப் பார்த்தார்.

"இது எலியைப் பிடிக்குமோ, எலி இதைப் பிடிக்குமோ?"

"இருந்து பாருங்கோ."

மூன்று மாதம் பொறுத்தோம். பிறகு பிடித்தது. கிடுகுக்குள் ஓட்டம் குறைந்தது. சாக்கில் ஓட்டை விழவில்லை. பூனைக்குப் பெயர் வைக்கவில்லை. பூனை என்று கூப்பிட்டால் வரும்.

விளக்கு விஷயத்தில் நான் கவனம். கிடுகு வீட்டில் இருக்கிறவருக்கு அந்தக் கவனம் இல்லாவிட்டால் வீடு இருக்காது. மண்ணெண்ணெய் தட்டுப்பாடு. எல்லா வீட்டிலும் ஜாம் போத்தல் விளக்குத்தான். போத்தலுக்குள் கொஞ்சப் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், மேலே ஒரு நூல் திரி. எண்ணெய் பஞ்சில் ஊறி நிற்பதால் போத்தல் சரிந்தாலும் ஊற்றாது. பூனை வாலால் தட்டி இரண்டு தரம் விழுத்தியது. இரண்டு தரமும் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் தரத்துக்கு நான் இடம் வைக்கவில்லை. சுவரில் பெரிய ஆணி அறைந்து, போத்தல் கழுத்தில் கம்பி கட்டி மாட்டிவிட்டேன்.

மெழுகுதிரி எப்போதாவது கிடைக்கும். அதைத் தேங்காய்ச் சிரட்டையில் மணல் நிரப்பி நட்டு வைப்பேன். பூனை திரிகிற வீட்டில் மெழுகுதிரியை உருக்கி மேசையில் ஒட்டி வைக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். சுடர் ஆடினால் பூனைக்குக் கை குறுகுறுக்கும். மீசை பொசுங்கிய பிறகு பூனையை ஏசி என்ன?

பக்கத்து வளவில் ஒரு அக்கா இருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து, சிறு வயதில் தகப்பனுடன் வந்தவர். என் அப்பா அம்மா தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். இரண்டு வளவுக்கும் நடுவில் கதியால் வேலி. அதில் ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவுக்குப் பொட்டு. அக்கா அந்தப் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டித்தான் கதைப்பார். மீதி உடம்பு அவர் வளவில் நிற்கும்.

அக்காவுக்கு வீடு மணக்க வேண்டும். வெள்ளிக்கிழமை என்றால் சிரட்டைத் தணலில் சாம்பிராணி போட்டு அறை அறையாகக் கொண்டு போவார். சாம்பிராணி கிடைக்காத வாரம் வேப்பிலையும் நொச்சியிலையும். கதவு யன்னல் எல்லாம் சாத்திவிடுவார். புகை உள்ளே நின்றால்தான் நுளம்பு சாகும் என்பது அவர் பேச்சு. எங்கள் பூனை மீன் மணத்துக்கு அங்கே போயிருந்தால், கதவு திறந்ததும் தும்மிக்கொண்டு பொட்டுக்குள்ளால் ஓடி வரும்.

"உன்ர பூனைக்குச் சாமிப் புகை ஒத்துவரேல்லையடி. போன பிறப்பில என்ன செய்ததோ."

"அதுக்கு மூக்கு இருக்கு அக்கா. உங்களுக்குத்தான் இல்லை."

"போடி."

அந்த வருடம் ஆவணியில் என் மனுசனுக்கு மலேரியா வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் நடுங்குவார். கட்டில் சேர்ந்து ஆடும். விழுங்கக் குளிசை கிடைத்தது. நுளம்புத்திரி கிடைக்கவில்லை. வலை ஒன்று இருந்தது. அதில் நுளம்பு என்ன, கோழியே நுழையும். வாய்க்காலில் தண்ணீர் தேங்கி நின்றது. பொழுதுபட்டால் காதுக்குள் ஒரே இரைச்சல்.

நான் ஒரு வேலை செய்தேன். வீட்டில் வேப்பெண்ணெய் இருந்தது. அதில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் கலந்தேன். கற்பூரக் கட்டி இரண்டை நுணுக்கிப் போட்டேன். அகன்ற மண் சிட்டியில் ஊற்றி, தடித்த திரி வைத்துக் கொளுத்தினேன். மணம் மூக்கில் ஏறி நின்றது. நுளம்பு குறைந்தது. அதில் பொய் இல்லை. கால்மாட்டில்தான் கடி கூடுதல் என்று சிட்டியைக் கட்டில் காலடியில், நெற்சாக்குப் பலகைக்குப் பக்கத்தில் நிலத்தில் வைத்தேன்.

அக்கா மணத்துக்குத் தலையை நீட்டினார். சொன்னேன். உள்ளே வந்து பார்த்தார்.

"நிலத்திலயோ வைக்கிறாய்? பூனை வாய் வைக்காதோ?"

"வேப்பெண்ணெய் அக்கா. கசப்பு. கிட்டவும் வராது."

"ஓம், அதுவும் சரிதான். வெறும் தேங்காயெண்ணெய் எண்டாத்தான் நக்கும். எனக்கும் ஒரு போத்தலில கொஞ்சம் ஊத்தித் தா."

ஊற்றிக் கொடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான். சாமிப் படத்தடியில் தேங்காயெண்ணெய் விளக்கு வைத்தால் பூனையும் எலியும் வந்து எண்ணெயை நக்கிப் போய்விடும். அதனால் கொஞ்சம் வேப்பெண்ணெய் கலப்பார்கள். பிறகு எதுவும் வாய் வைக்காது. விளக்குக்கு அது காவல். நாங்கள் விளக்கைப் பூனையிடமிருந்து காத்தோம். பூனையை விளக்கிடமிருந்து காக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

படுக்கமுன் திரியை நசுக்கி அணைப்பேன். சுடர் போனால் பயம் போனது என்று நினைத்தேன். சிட்டியில் பாதி எண்ணெய் அப்படியே கிடக்கும். அடுத்த நாளுக்கு உதவும் என்று விடுவேன்.

ஆறாம் நாள் விடிய எழும்பினேன். சாக்கின்மேல் பூனை இல்லை.

குசினியில், சாம்பலுக்குப் பக்கத்தில் கிடந்தது. வாயிலிருந்து வீணி நூலாக வடிந்தது. வாயோரம் நுரை. உடம்பு நடுங்கியது. என்னைக் கண்டு எழும்பப் பார்த்தது. பின்கால் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிச் சரிந்தது. சரிந்த இடத்தில் கிடந்தபடி வயிற்றை நக்கியது. நிறுத்தி வாயைத் திறந்து மூடியது. திரும்ப நக்கியது.

மனுசன் கட்டிலில் இருந்து கேட்டார்.

"என்ன அங்க?"

"பூனைக்கு ஏலாமல் கிடக்கு."

"ஏலாமலெண்டா?"

"வாயால நுரை வருது."

அவர் கட்டிலில் நிமிர்ந்து இருந்தார். பிறகு, "கிட்டப் போகாதை" என்றார்.

அதற்குள் அக்கா பொட்டில் தலையை நீட்டிவிட்டார். குசினி வாசல் அங்கிருந்து நேரே தெரியும்.

"ஐயோ பிள்ளை! உது விசர், நாய்க்கு வாறது மாதிரி! வீணி வடியுது பார். தொடாதை!"

"பொறுங்கோ அக்கா."

"என்னத்தைப் பொறுக்கிறது? பிள்ளையள் திரியிற இடம். நான் உலக்கையைக் கொண்டு வாறன். நீ அடிக்காட்டி நான் அடிக்கிறன்."

தலை உள்ளே போனது. உலக்கை எடுக்கப் போனார் என்று தெரிந்தது. அக்கா சொன்னால் செய்வார்.

நான் நின்றேன். விதைக்க இன்னும் ஐந்து கிழமை. பூனை போனால் அந்த ஐந்து கிழமையும் எலிக்கு. வேறு பூனை தேடினாலும் அது பிடிக்கப் பழகுமுன் சாக்கு வெறும் சாக்காகிவிடும். இது ஒன்று. மற்றது, அது என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

உரப்பை ஒன்றைக் கையில் சுற்றிக்கொண்டு குனிந்தேன். வேப்பெண்ணெய் மணந்தது. கற்பூரமும் மணந்தது. குசினியில் அந்த மணத்துக்கு வேலை இல்லை.

எழும்பி அறைக்குப் போனேன். சிட்டி ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. நிலத்தில் எண்ணெய். சிட்டி விளிம்பில் மஞ்சள் மயிரும் வெள்ளை மயிரும் ஒட்டியிருந்தன. அங்கிருந்து எண்ணெய்க் காலடிகள் பலகை வரை போயின. பலகைக்குப் பின்னால் பார்த்தேன். செத்த எலி ஒன்று கிடந்தது. நல்ல பெரிய எலி.

விளங்கிவிட்டது. எலிக்குப் பாய்ந்து சிட்டிக்குள் விழுந்திருக்கிறது. விழுந்தும் எலியை விடவில்லை. பிறகுதான் தன் உடம்பைப் பார்த்திருக்கிறது. வயிறு, கால், நெஞ்சு எல்லாம் எண்ணெய். அதைத் துப்புரவாக்கத் தொடங்கியிருக்கிறது. பூனைக்கு நாக்கைத் தவிர வேறு துணி இல்லை. கசப்பென்றால் சிட்டியில் வாய் வைக்காது, அது உண்மை. தன் உடம்பில் பட்டால் கசந்தாலும் நக்கும். இதை நான் முதலில் நினைத்திருக்க வேண்டும். தினமும் அது நக்குவதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

அக்கா உலக்கையோடு வந்து நின்றார்.

"விசர் இல்லை அக்கா. எண்ணெய். நான் கலந்த எண்ணெய்."

"வேப்பெண்ணெய் மருந்தெல்லோ? சிரங்குக்கு நாங்கள் பூசுறேல்லையோ?"

"பூசுறம். நக்குறேல்லை."

அக்கா உலக்கையை இறக்கினார். நான் தவிட்டுச் சாக்கை இழுத்தேன்.

"என்ன செய்யப் போறாய்?"

"இழுக்கப் போறன். எண்ணெயை."

சுளகு நிறையத் தவிட்டைக் கொட்டினேன். உரப்பையால் பூனையின் தலையையும் முன்காலையும் மூடிப் பிடித்துத் தூக்கி, தவிட்டில் போட்டுப் புரட்டினேன். மயிருக்குள் விரலை விட்டுத் தேய்த்தேன். ஆலையில் எந்திரத்துக்குச் செய்கிற மாதிரித்தான். கை கொஞ்சம் மெதுவாய். தவிடு கறுத்து ஈரமாய்த் திரண்டது. தட்டிவிட்டேன். புதுத் தவிடு. திரும்பவும் தேய்த்தேன்.

"அக்கா, அந்தப் பக்கத்தைப் பிடியுங்கோ."

"நானோ?"

"உலக்கையை வச்சிட்டுப் பிடியுங்கோ."

பிடித்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடித்தார். மூன்றாவது தவிடு காய்ந்தபடியே உதிர்ந்தது. அதோடு நிறுத்தினேன்.

பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீர். சவர்க்காரம் வேண்டும். அப்போது சவர்க்காரம் கிடைப்பது அருமை. உடுப்பு எல்லாம் பனங்காயில்தான் தோய்த்தோம். மாடத்தில் ஒரு துண்டு இருந்தது. மனுசன் காய்ச்சல் விட்டதும் தலைக்குக் குளிக்க என்று வைத்தது. எடுத்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு விறாந்தைக்கு வந்துவிட்டார்.

"அது என்ர சவர்க்காரம்."

"ஓம்."

"எனக்குப் பனங்காய், பூனைக்குச் சவர்க்காரமோ?"

"நீங்கள் உங்கட உடம்பை நக்கினா உங்களுக்கும் தாறன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்து பூனையை விடப் பார்த்தார். மனுசன் கதிரையில் இருந்தார்.

கழுவினோம். மணந்து பார்த்தேன். இன்னும் கொஞ்சம் மணந்தது. திரும்பக் கழுவினோம். பழைய சாரத்துண்டால் துடைத்து, தலை மட்டும் வெளியில் தெரிய சாக்கில் சுற்றினேன். நக்க விடக்கூடாது என்பதுதான் என் நோக்கம். நடுக்கம் நிற்கவில்லை.

அக்கா தேங்காய்ப்பால் பருக்கச் சொன்னார். நஞ்சை முறிக்கும் என்றார். எனக்குத் தெரியாததை அதன் வாய்க்குள் ஊற்ற எனக்கு மனமில்லை. ஊற்றியது ஏற்கெனவே போதும்.

மூன்று மைல் தள்ளி மாட்டு டாக்குத்தர் இருந்தார். பூனையைப் பனையோலைப் பையில் வைத்தேன். குட்டியாய் வந்த அதே பை. அன்றைக்கு வழி முழுக்கக் கத்தியது. இன்றைக்குக் கத்தவில்லை. அந்தச் சத்தமில்லாமைதான் எனக்குப் பிடிக்கவில்லை. கிறவல் ரோட்டில் சைக்கிளைக் கெதியாய் மிதித்தேன்.

அங்கே ஏழெட்டு மாடும் இரண்டு ஆடும் நின்றன. நான் பையோடு போய் நிற்க ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன அக்கா, பூனைக்குச் சினை ஊசி போடவோ வந்தனீங்கள்?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"உங்கட மாடு எலி பிடிக்குமெண்டாச் சொல்லுங்கோ. இதை இஞ்ச விட்டிட்டு அதைக் கொண்டு போறன்."

இன்னும் சிரித்தார்கள். சிரித்தவரே தன் மாட்டை ஒதுக்கி வழி விட்டார்.

டாக்குத்தர் இளம் மனிதர். பையைத் திறக்குமுன் கேட்டார்.

"கடிச்சதோ?"

"இல்லை ஐயா."

"கீறினதோ?"

"சாக்கைத்தான் கீறினது."

நடந்ததைச் சொன்னேன். அவர் பூனையின் வாயைப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். மயிரை மணந்தார்.

"ஆர் தவிடு போடச் சொன்னது?"

"ஒருத்தரும் இல்லை. ஆலையில எந்திரத்துக்குப் போடுறனாங்கள்."

அவர் சிரித்தார். "எந்திரத்துக்கும் நல்லது, பூனைக்கும் நல்லது. வாய்க்குள்ள ஏதும் ஊத்தினீங்களோ?"

"இல்லை. தேங்காய்ப்பால் ஊத்தச் சொல்லிச்சினம். ஊத்தேல்லை."

"நல்லகாலம். சத்தியெடுக்க வைக்கவும் கூடாது. எண்ணெய் நெஞ்சுக்குள்ள இறங்கிடும்."

தோலுக்கடியில் கொஞ்சம் சேலைன் ஏற்றினார். வேறு மருந்து தன்னிடம் இல்லை என்று மறைக்காமல் சொன்னார்.

"நாங்கள் தாங்கிற சாமானைப் பூனையின்ர ஈரல் தாங்காது. கற்பூரம், வேப்பெண்ணெய், மணக்கிற தைலம் ஒண்டும் அதில படக்கூடாது. பட்டா நக்கும். நக்கினா உள்ள போகும்."

"சாம்பிராணி?"

"கதவைத் திறந்து வச்சுப் போடுங்கோ. பூனை தான் நினைச்சா வெளியில போக வழி இருக்கோணும். பூட்டின வீட்டுக்குள்ள புகை அதுக்கு மட்டுமில்லை, உங்களுக்கும் கூடாது."

"தப்புமோ ஐயா?"

"மூண்டு நாளுக்குள்ள தானாய்த் தண்ணி குடிச்சாத் தப்பும். எதுக்கும், விசர் இல்லையெண்டு தெரிய, பத்து நாள் பிறம்பா அடைச்சு வச்சுப் பாருங்கோ. ஒருத்தரையும் கடிக்க விடாதேங்கோ."

வந்து, காற்றுப் படுகிற விறாந்தையில் கோழிக்கூட்டுக்குள் சாக்கு விரித்து வைத்தேன். ஒரு சிரட்டையில் தண்ணீர் வைத்தேன். தண்ணீர் அப்படியே இருந்தது.

அடுத்த நாள் காலை அறையைக் கூட்டப் போனேன். மூன்றாவது சாக்கின் மூலையில் ஒரு ஓட்டை. கீழே நெல்லும் உமியும். ஒரு நாள்தான். அந்த ஒரு நாளுக்குள் எலிகளுக்குச் செய்தி போய்விட்டது. சாக்கூசி எடுத்துத் தைத்தேன். மனுசன் பார்த்துக்கொண்டு இருந்தார். அவருக்கு அது காய்ச்சல் இல்லாத நாள்.

"எவ்வளவு போச்சு?"

"ரெண்டு கை."

"நாளைக்கு ரெண்டு கொத்துப் போகும்."

அன்று பின்னேரம் அவர் தகரம் ஒன்றையும் தடியையும் எடுத்துக் கட்டிலில் வைத்துக்கொண்டார். கிடுகில் சரசரத்தால் தகரத்தில் அடிப்பார். அக்கா பொட்டில் தலையை நீட்டி, "என்ன, உங்கட வீட்டில திருவிழாவோ?" என்று கேட்டார். மனுசன் தடியை ஓங்கினார். அடித்தார். மறுநாள் நடுக்கம் வந்தபோதும் தடி கையில் இருந்தது. நடுக்கத்தில் தகரம் தானாக அடிபட்டது. கிட்டப் போகாதை என்ற மனிதர், கண்ணைத் திறக்காமல் என்னைக் கேட்டார்.

"குடிச்சதோ?"

"இல்லை."

"சிரட்டையைக் கிட்ட வை."

கிட்ட வைத்தேன்.

மூன்றாம் நாள் விடிய விறாந்தையில் சின்னச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். பூனை கிடந்தபடியே தலையை நீட்டித் தண்ணீரை நக்கிக்கொண்டிருந்தது. நிறுத்தாமல் குடித்தது. சிரட்டை வெறுமையானது.

"குடிச்சிட்டுது" என்றேன்.

மனுசன் தகரத்தைக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

அக்கா குளத்து மீன் தலை ஒன்றைப் பொட்டுக்குள்ளால் நீட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. அது அவருக்குப் பெரிய விஷயம். பத்து நாளும் கூட்டுக்குள்தான் வைத்திருந்தேன். கூட்டைத் தூக்கி அறைக்குள், சாக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். அது உள்ளே கிடந்து முறைத்தாலே எலி இறங்கத் தயங்கியது. பதினோராம் நாள் திறந்துவிட்டேன். நேரே சாக்கில் ஏறியது. அன்றைக்கே ஒன்றைப் பிடித்து என் காலடியில் போட்டது.

மிச்ச எண்ணெயை வளவுக் கோடியில் குழி தோண்டி ஊற்றி மூடினேன். நிலத்துக்குச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். சிட்டியை நிலத்தில் வைப்பதை விட்டேன். என் அம்மா தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் விளக்கைக் கூரை வளையில் கம்பி கட்டித் தொங்கவிடுவார். நிலம் முழுக்க ஆட்கள் படுப்பார்கள், வேறு இடம் இல்லை. நானும் அப்படியே செய்தேன். கிடுகுக்கு நெருப்புப் போகாதபடி நீளக் கம்பி, சுடருக்கு மேலே ஒரு தகரத் துண்டு, சாக்கிலிருந்து பூனை பாய்ந்தாலும் எட்டாத தூரம். எண்ணெயில் மணம் ஒன்றும் கலப்பதில்லை. அணைத்த பிறகு மிச்ச எண்ணெயைப் போத்தலில் ஊற்றி மூடிவிடுவேன். நுளம்புக்கு வலையைத் தைத்தேன். இரண்டு பின்னேரம் எடுத்தது. முதலிலேயே தைத்திருக்கலாம். வேப்பிலைப் புகை முற்றத்தில், பொழுதுபட முன்.

முதல் மழைக்கு ஐந்து சாக்கும் வயலுக்குப் போனது. இரண்டு கை குறைய. மனுசன் எழும்பி விதைத்தார். அந்த வெறும் சாக்குகளுக்குப் பின்னால், கார்த்திகையில் பூனை மூன்று குட்டி போட்டது.

கார்த்திகைத் தீபத்து விளக்கீடு வந்தது. தடியில் துணி சுற்றி எண்ணெயில் தோய்த்துப் பந்தம் கட்டி, படலையடியில், கிணற்றடியில், மாட்டடியில், நெல் வைக்கிற இடத்தில் என்று எல்லா இடத்திலும் நடுவது எங்கள் வழக்கம். நான் நெல் வைக்கிற இடத்தில் நடவில்லை. அக்கா கவனித்துவிட்டார்.

"நெல்லுக்கு விளக்கு வைக்காமலோ விடுறாய்?"

"நெல்லு வயலில நிக்குது அக்கா. வரம்பில ஒண்டு நட்டிட்டன்."

அக்கா தலையை ஆட்டினார். "உன்னோட கதைச்சு வெல்ல ஏலாது" என்றார்.

குட்டிகள் ஓடித் திரியத் தொடங்கியதும் அக்கா ஒன்றைக் கேட்டார். தன் வீட்டிலும் எலி என்றார். தருகிறேன், முதலில் வீட்டைப் பார்க்க வேண்டும் என்றேன். பொட்டுக்குள்ளால் குனிந்து போனேன். அக்கா பின்னால் வந்தார். சாமிப் படத்தடி விளக்கைப் பார்த்தேன். வெறும் தேங்காயெண்ணெய்தானோ என்று விரலில் தொட்டு மணந்தேன். தூபக்காலை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். யன்னல் கொளுக்கியைத் திறந்து பார்த்தேன். துருவேறி இறுகிக் கிடந்தது. தட்டித் திறந்துவிட்டேன்.

"பொம்பிளை பார்க்க வாறவையும் இப்பிடிப் பார்க்க மாட்டினம்" என்றார் அக்கா.

"அந்தப் போத்தல் எங்க அக்கா?"

"எந்தப் போத்தல்?"

"நான் கலந்து ஊத்தித் தந்தது."

அக்கா கட்டில் பக்கம் பார்த்தார். நான் குனிந்து கட்டிலுக்குக் கீழே பார்த்தேன். இருந்தது. மூடி இல்லை. கடதாசி உருட்டி அடைத்திருந்தது.

"முழங்காலுக்குப் பூசுறனான். நல்ல சுகம்."

"பூசுங்கோ. பூசினா, கழுவுமட்டும் குட்டியை மடியில வைக்காதேங்கோ."

"போத்தலை எறியவோ சொல்லுறாய்?"

"இல்லை. நல்ல மூடி போட்டு அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டுங்கோ."

"அதுக்குள்ள என்ர கூறைச்சீலை கிடக்கு."

"கூறைச்சீலைக்கும் நல்லது. பூச்சி வராது."

முணுமுணுத்துக்கொண்டு வைத்துப் பூட்டினார். திறப்பை இடுப்பில் செருகியதைப் பார்த்த பிறகுதான் குட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மஞ்சள் திட்டு அதிகமான குட்டி. தாயைப் போலவே பார்க்கும்.

அடுத்த வெள்ளி பின்னேரம் சாம்பிராணி மணம் வந்தது. எட்டிப் பார்த்தேன். அக்கா வீட்டுக் கதவு யன்னல் எல்லாம் அகலத் திறந்து கிடந்தன. புகை வெளியில் போய்க்கொண்டிருந்தது. குட்டி அதற்கு முன்பே வெளியில் வந்து, பொட்டில் குந்தியிருந்து காலை நக்கிக்கொண்டிருந்தது.